பாட்டன் பெயர் கேட்கும் சட்டங்கள்: குடியேற்ற நிபந்தனைகளை வாசித்தல்

பக்கத்து நாட்டில் நிரந்தரமாகக் குடியேற என்னென்ன தகுதி வேண்டும் என்று சட்டங்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன. இந்தப் பட்டியல்களை யாரும் பிரதியாக எடுத்து வாசிப்பதில்லை. வக்கீல் வாசிப்பார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வாசிப்பார். மனு தள்ளுபடியானவன் நாலு எழுத்து தெரிந்த யாரையாவது பிடித்து, 'என்னதாம்ப்பா போட்டிருக்கான்?' என்று கேட்பான். ஆசிரியன் இறந்துவிட்டானா இல்லையா என்று 1990களில் பக்கம் பக்கமாக வாதாடியவர்கள் நாம். ஆசிரியன் பெயரே இல்லாமல் லட்சக்கணக்கான பேருடைய வாழ்க்கையை எழுதிப்போன இந்தப் பிரதிகள் மட்டும் நம் கண்ணில் படவில்லை. அவற்றின் மொழி வறட்டு மொழி என்பது ஒரு காரணம். அந்த வறட்சிக்குள் ஒரு கதையாடல் ஓடுகிறது, யார் மண்ணுக்குச் சொந்தம், யார் வந்தேறி என்று பாத்திரங்களைப் பிரித்து நிறுத்துகிறது என்பதை நாம் கவனிக்காதது இன்னொரு காரணம்.

இலங்கைக்கும் தமிழகத்துக்கும் நடுவே மனிதர்களைத் தள்ளிவிட்ட சில சட்டங்களை இங்கே வாசித்துப் பார்க்கலாம். நின்றுகொண்டு வாசிப்பதற்குத் தோதான இடம் காஞ்சிபுரம். வந்து தங்கியவர்கள், போய்விட்டுத் திரும்பியவர்கள், போனவர்கள் போனபடியே இருந்துவிட்டவர்கள் என்று மூன்று வகைக்கும் அந்த ஊரில் பழைய சான்று இருக்கிறது. பாஸ்போர்ட் இல்லாத காலத்திலும் நிபந்தனை இருந்தது என்பதும் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

1

7ஆம் நூற்றாண்டில் இலங்கையில் அரசுரிமை இழந்த மானவர்மன் என்ற சிங்கள இளவரசன் கடல் தாண்டிக் காஞ்சிக்கு வந்து நரசிம்மவர்ம பல்லவனிடம் அடைக்கலம் புகுந்தான். இதைச் சொல்வது இலங்கையின் பாலி வரலாற்று நூலான சூளவம்சம். சாளுக்கியருக்கு எதிரான போரில் அவன் பல்லவனுக்காக வாளெடுத்தான். பிறகு பல்லவப் படையோடு போய்த் தன் நாட்டைப் பிடித்தான். இலங்கையிலிருந்து காஞ்சிக்கு வந்த அகதி என்று எழுத்தில் பதிவாகியிருக்கும் இந்த மனிதன் தமிழன் இல்லை. 'வந்தால் தமிழன்தான் வருவான், வந்தவன் நம்ம ரத்தம்' என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவனிடம் கேட்கப்பட்டது வாள். கொடுத்தான், இருந்தான்.

கடவுளும் அகதியாகியிருக்கிறார். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொகலாயப் படை வரும் என்ற அச்சத்தில் வரதராஜப் பெருமாளின் உற்சவ மூர்த்தியைக் காஞ்சியிலிருந்து கடத்திக்கொண்டுபோய் உடையார்பாளையத்தில் வைத்தார்கள். ஆபத்து நீங்கிய பிறகு பாளையக்காரர் திருப்பித் தர மறுத்தார். பெரிய இடத்துத் தலையீட்டுக்குப் பிறகு 1710இல்தான் பெருமாள் ஊர் திரும்பினார். காமாட்சி கோயிலின் தங்கக் காமாட்சி கதை வேறு. 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பங்காரு காமாட்சி தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தாள். மராட்டிய அரசர் கோயில் கட்டித் தந்தார். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரியின் குடும்பம் அர்ச்சகர் குடும்பமாகக் கூடவே இருந்தது. அவள் திரும்பவே இல்லை. தஞ்சாவூர்க்காரியாகவே ஆகிவிட்டாள்.

நெசவாளர் கதைக்கு வருவோம். செங்குந்தர், சாலியர், தேவாங்கர் என்று காஞ்சியில் தறி போட்ட சாதிகளில் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் உண்டு. 'எங்க பாட்டனுக்குப் பாட்டன் எங்கேர்ந்து வந்தான்னு யாருக்குத் தெரியும்? தறி போட்டோம், இருக்கோம்' என்பதுதான் அவர்கள் பேச்சு. அரசனுக்கும் அது போதும். கல்வெட்டுகளில் தறி இறை என்று ஒரு வரி வருகிறது. எத்தனை தறி என்றுதான் எண்ணினான். தறிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனின் பூர்வீகத்தை எண்ணவில்லை.

இதைப் படித்ததும் 'வந்தாரை வாழவைக்கும் தமிழகம்' என்று புல்லரித்துக்கொள்ளத் தோன்றும். வேண்டாம். இளவரசனிடம் வாளும், நெசவாளனிடம் வரியும், கடவுளிடம் கௌரவமும் வாங்கப்பட்டன. பயன் உள்ளவனுக்கு இடம், இதுதான் அன்றைய நிபந்தனை. வந்தவனுக்கும் தனித் தெரு. வலங்கை, இடங்கை என்று ஊரையே பிளந்துவைத்த கட்டமைப்புக்குள் அவனையும் ஒரு பக்கத்தில் செருகினார்கள். அதே ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த சேரிக்காரன் சன்னதித் தெருவில் நடக்க முடியாது. வெளியூர்க்காரன் உள்ளே, உள்ளூர்க்காரன் வெளியே. குடியுரிமை என்ற சொல் வருவதற்கு முன்பே குடியுரிமையற்றவனைச் சாதி உற்பத்தி செய்து வைத்திருந்தது. ஆகவே பழைய ஏற்பாட்டைப் பொற்காலமாக்கி அங்கே திரும்பிப் போவது நம் வேலை அல்ல. அந்தக் காலத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் புரிகிறது: நிபந்தனை என்பது இயற்கையானது அல்ல. அதிகாரத்தின் தேவைக்கு ஏற்ப எழுதப்படுவது. இன்றைய சட்டங்களை அப்படித்தான் வாசிக்க வேண்டும்.

2

வாளும் தறியும் கேட்ட அரசுக்குப் பதிலாகப் பாட்டன் பெயரைக் கேட்கும் அரசு 20ஆம் நூற்றாண்டில் வருகிறது. சுதந்திரம் பெற்ற சில மாதங்களிலேயே இலங்கை கொண்டுவந்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் பிறந்துவிட்டால் போதாது. தந்தை அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தாய் கணக்கிலேயே இல்லை. கொழுந்து பறித்த கைகளில் பெரும்பகுதி பெண்களுடையவை. அந்தக் கைகளின் வழியாக எந்த உரிமையும் பிள்ளைக்குப் போகாது.

பாட்டன் எங்கே பிறந்தான் என்பதற்குக் காகிதம் வேண்டும். லயத்தில் பிறந்தவனுக்கு யார் காகிதம் கொடுத்தார்கள்? துரை செக்ரோலில் பெயர் எழுதினான், சம்பளம் போடுவதற்கு. கங்காணி துண்டில் கணக்கு எழுதினான், கடனை வசூலிப்பதற்கு. உழைப்பையும் கடனையும் மட்டும் பதிவு செய்த ஓர் அமைப்பு, பிறப்பைப் பதிவு செய்யாதது உன் குற்றம் என்று தொழிலாளியிடமே திருப்பிக் கேட்டது. யாரிடம் எந்தச் சான்று இல்லை என்று தெரிந்துகொண்டு அதையே தகுதியாக எழுதுவது இந்தப் பிரதியின் உத்தி.

அடுத்த வருஷம் இந்திய பாகிஸ்தானியர் வதிவிடக் குடியுரிமைச் சட்டம் வந்தது. விண்ணப்பிக்க இரண்டே வருஷம். 1946 ஜனவரி 1க்கு முன்னால் தொடர்ச்சியாக, கல்யாணமானவர் 7 வருஷமும் ஆகாதவர் 10 வருஷமும் வாழ்ந்திருக்க வேண்டும். நிலையான வருமானம் வேண்டும். சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. செத்த வீட்டுக்கோ கல்யாண வீட்டுக்கோ இந்தியா போய்வந்ததும், ஊரில் இருக்கிற கிழத்தாய்க்கு மணியார்டர் அனுப்பியதும் இலங்கையில் நிலையாக வாழும் எண்ணம் இல்லை என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டன. பாசத்தைக்கூடக் குற்றப்பத்திரிகையாக வாசிக்க முடியும் என்று சட்டம் காட்டியது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போனது. இந்தச் சட்டங்கள் செல்லும் என்று 1953இல் தீர்ப்பு வந்தது. அதற்குள் வாக்குரிமையும் பறிபோய், 1952 தேர்தலில் மலையகத் தமிழர் பிரதிநிதி ஒருவர்கூட நாடாளுமன்றம் போகவில்லை.

இந்த இடத்தில் நம் ஆட்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் 1948இல் அந்த அரசின் அமைச்சரவையில் சேர்ந்தார். 1949 சட்டம் வந்தபோதும் அங்கேதான் இருந்தார். எதிர்த்துப் பிரிந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பது உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்து மேட்டுக்குடி 'தோட்டக்காட்டான்' என்று சொன்ன சொல்லும் உண்மை. ஒரே மொழி, ஒரே ரத்தம் என்ற வாதம் வர்க்கத்தையும் சாதியையும் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது.

3

1964 அக்டோபர் 30. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம். இலங்கைக்கு 3 லட்சம். மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974இல் அதையும் ஆளுக்கு 75 ஆயிரம் என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் வெண்கலப் பானை, அண்டா என்று எழுதுவதைப் போல எழுதியிருக்கிறது. எங்கே இருக்க விரும்புகிறாய் என்று கேட்டு இந்த எண்கள் வரவில்லை. எண்களை முதலில் போட்டுவிட்டு ஆட்களை அதற்குள் நிரப்பினார்கள்.

வந்தவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அங்கேயே பிறந்தவன், இந்த மண்ணைப் பார்த்தே இராதவன், எங்கே திரும்புகிறான்? 'திரும்புதல்' என்ற வினைச்சொல்லே ஒரு பொய்யைச் செய்துகாட்டுகிறது. 1948 சட்டம் பாட்டன் இங்கே பிறக்கவில்லை என்று தள்ளியது. 1964 ஒப்பந்தம் உன் பாட்டன் அங்கேதான் பிறந்தான் என்று இழுத்தது. இரண்டுமே பேரனை மனிதனாகப் பார்க்கவில்லை. தலைமன்னாரில் 'கள்ளத்தோணி' என்ற பட்டத்தோடு கப்பலேறினவன் ராமேஸ்வரத்தில் இறங்கி 'சிலோன்காரன்' ஆனான். அவனை வாங்கி வைத்த மண்டபம் முகாம், முன்னொரு காலத்தில் அவன் முன்னோரைக் கூலிகளாகப் பரிசோதித்து இலங்கைக்கு அனுப்பிய அதே முகாம்.

மறுவாழ்வு என்று என்ன கொடுத்தார்கள்? பலரை நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசு தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் கொழுந்து பறிக்கவிட்டார்கள். இங்கே மத்தியப் பிரதேசத்தின் மந்தசோர் கல்வெட்டை நினைத்துக்கொள்ளலாம். 5ஆம் நூற்றாண்டில் இன்றைய தெற்கு குஜராத்தான லாட தேசத்திலிருந்து பட்டு நெசவாளர் கூட்டம் ஒன்று தசபுரம் என்ற அந்த ஊருக்குக் குடிபெயர்ந்து சூரியன் கோயில் கட்டியதையும், 473இல் அதைப் புதுப்பித்ததையும் அது சொல்கிறது. வந்த இடத்தில் சிலர் தறியிலேயே இருந்தார்கள், சிலர் வில்வித்தைக்கும் சோதிடத்துக்கும் கதை சொல்லவும் போனார்கள் என்றும் சொல்கிறது. எந்த வேலைக்காக உள்ளே விட்டார்களோ அந்த வேலையை விட்ட பிறகும் ஊர்க்காரனாக இருக்க முடிவதுதான் நிரந்தரக் குடியேற்றம். கையை மட்டும் வாங்கிக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துவது கூலி ஏற்பாடு. இலங்கை அரசும் அதைச் செய்தது, நம் அரசும் அதைத்தான் செய்தது.

4

1983க்குப் பிறகு தோணியில் வந்தவர்கள் விஷயத்துக்கு வருவோம். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. ஆகவே சட்டத்தின் பார்வையில் அகதி என்று ஒருத்தர் கிடையாது, வெளிநாட்டவர்தான் உண்டு. வெளிநாட்டவர் இந்தியக் குடியுரிமை பெற 1955ஆம் ஆண்டின் சட்டம் வைத்திருக்கும் நிபந்தனைகளைப் பாருங்கள். கடைசி 12 மாதம் தொடர்ச்சியாக இங்கே வசித்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய 14 வருஷத்தில் 11 வருஷம் வசித்திருக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். முகாமில் 40 வருஷம் இருந்தவருக்கு இதில் எது குறை? வசிப்பா? முகாமில் ஆள் இருக்கிறாரா என்று தலை எண்ணிப் பதிவேட்டில் எழுதியதே அரசுதான். மொழியா?

இவ்வளவும் இருந்தும் கதவு திறக்காது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம், 'சட்டவிரோதக் குடியேறி' யாரும் பதிவு வழியாகவோ இயல்புரிமை வழியாகவோ குடியுரிமை பெற முடியாது என்று அடைத்துவிட்டது. செல்லத்தக்க பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. குண்டு விழுகிற கரையிலிருந்து ராத்திரி தோணி ஏறுகிறவள் எந்த ஆபீஸில் போய் விசா முத்திரை வாங்குவாள்? அகதியை அகதியாக்கிய அதே சூழ்நிலை அவளுடைய தகுதியின்மையாகவும் எழுதப்படுகிறது. லயத்துத் தொழிலாளிக்கு இலங்கைச் சட்டம் செய்த அதே உத்தி.

இங்கே பிறந்த பிள்ளைகள்? 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடியாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. ஒரே முகாமில், ஒரே தாய்க்கு, ஜூன் மாதம் பிறந்த அக்கா இந்தியர், அடுத்த வருஷம் பிறந்த தம்பி அயலான். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்த உரிமையை நிலைநாட்ட நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. அவருக்கு பாஸ்போர்ட் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில்தான் அவர் முதல்முறையாக வாக்களித்தார். சட்டப்படி அவர் பிறந்த அன்றே குடிமகள்.

இன்னொரு வேடிக்கை. ஒப்பந்தப்படி பாஸ்போர்ட் வாங்கிக் கப்பலில் வந்தவர் தாயகம் திரும்பியவர். 1984இல் கப்பல் நின்றது. அதே லயத்துப் பக்கத்து அறைக்காரர் கலவரத்தில் தப்பித் தோணியில் வந்தால் சட்டவிரோதக் குடியேறி. இப்படிக் கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர் போட்ட வழக்கில் 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்களுடைய குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்கச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகள். ஆறு மதங்கள். 2014 டிசம்பர் 31 கடைசி நாள். 11 வருஷம் 5 வருஷமாகக் குறைந்தது. அதில் முஸ்லிம் இல்லை. இலங்கையும் இல்லை. 1948இல் கேட்டது பாட்டனின் பிறந்த ஊர். 2019இல் கேட்டது மதம். பிறப்பு போட்டுவிட்ட அடையாளத்தைத் தகுதியாக்குவதில் இரண்டும் ஒரே இலக்கணம்.

2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஓர் உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9ஆம் தேதிவரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது. பயம் கொஞ்சம் தணியும், மறுப்பதற்கில்லை. ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பதும் நீ குடிமகன் என்பதும் வேறு வேறு வாக்கியங்கள். 2021இல் மாநில அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. வீடுகள் மேம்பட்டன. முகாம்களில் அப்போது இருந்தவர்கள் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர், வெளியே பதிவோடு வசித்தவர்கள் 34 ஆயிரம் பேர். பெயர் மாறியதால் அவர்களுடைய சட்ட நிலை மாறிவிடவில்லை.

5

2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று, இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று வாய்மொழியாகச் சொன்னது. உடனே நம் பக்கத்திலிருந்து கோபம். 'தொப்புள்கொடி உறவு', 'ரத்த சொந்தம்'. கோபம் நியாயமானது. ஆனால் வாதம்?

காஞ்சிபுரம் சத்திரங்களுக்குப் பேர்போன ஊர். 'சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தாச்சாரியார் அப்பணையா?' என்று ஒரு பழமொழி உண்டு. அப்பணை என்றால் உத்தரவு. தாத்தாச்சாரியார் என்பது வரதர் கோயில் நிர்வாகத்தோடு நெடுநாள் பிணைந்த பெயர். பொதுச் சோற்றுக்கு இன்னொருவர் உத்தரவு எதற்கு என்று கேட்கிறது பழமொழி. கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல சத்திரங்களில் சோறு பார்ப்பனருக்கு மட்டும்தான் என்பதைப் பழமொழி சொல்லவில்லை. அதைவிட முக்கியம், சத்திரம் என்ற உருவகமே தங்கியவனை வழிப்போக்கனாக்கிவிடுகிறது. 40 வருஷம் கூலிக்குப் போய், கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, பெற்றவர்களை இங்கேயே புதைத்தவன் வழிப்போக்கனா? சத்திரம் இல்லை என்பவரும், சத்திரம்தான் என்று உபசரிப்பவரும் அவனை விருந்தாளியாகவே வைத்திருக்கிறார்கள்.

தொப்புள்கொடி வாதத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அது 1948 சட்டத்தின் தர்க்கத்தை அப்படியே வாங்கிக்கொண்டு நமக்குச் சாதகமாகத் திருப்புகிறது. 'எங்கள் ரத்தம், ஆகவே இடம் கொடு' என்றால், ரத்தம் வேறானால் இடம் கொடுக்காதே என்பதும் அதற்குள் இருக்கிறது. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த கேளம்பாக்கத்தில் 2012 முதல் ரோஹிங்கியாக் குடும்பங்கள் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் வாழ்ந்துவருகின்றன. குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் அவர்களில் உண்டு. பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். அவர்களுக்காகப் பேசத் தொப்புள்கொடி வாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. மலையகத் தமிழருக்காகவே அது பேசவில்லையே. 1964இல் பங்கு போட்டபோது எந்த ரத்தம் கொதித்து எதைத் தடுத்தது?

காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிட்டத்தட்ட ஊர்ச் சான்றிதழ். நூல் பெரும்பாலும் கர்நாடகத்துப் பட்டு. ஜரிகை சூரத்திலிருந்து. ஆனாலும் அது காஞ்சிப் புடவைதான், யாருக்கும் சந்தேகம் இல்லை. நூல் எங்கே பிறந்தது என்பதை வைத்து முடிவு செய்யவில்லை, எங்கே நெய்யப்பட்டது என்பதை வைத்து முடிவு செய்தார்கள். சரக்குக்கு இந்த நியாயத்தைக் கொடுக்கச் சட்டத்துக்குத் தெரிகிறது. கோர்வைத் தறியில் கரைக்கு நாடா எறிய ஆள் வேண்டும் என்று, முன்பணம் கொடுத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள் அல்லவா, அந்த ஆளுக்குத்தான் எந்தச் சான்றிதழும் எழுதத் தெரியவில்லை.

நாம் கேட்க வேண்டியது என்ன? வாழ்ந்த காலமும் செய்த வேலையும் இங்கே அமைந்த உறவுகளும் குடியுரிமைக்குப் போதுமான அடிப்படையாக வேண்டும். வந்த வழியை வைத்து வாழ்ந்த வாழ்க்கையை ரத்து செய்யும் 2003 திருத்தப் பிரிவு போக வேண்டும். இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரின் காகிதத்தைப் பார்க்காமல் உரிமை வேண்டும். அரசே எழுதிவைத்த முகாம் பதிவேட்டை வசிப்புக்குச் சான்றாக அரசே ஏற்க வேண்டும். திரும்பிப் போக விரும்புகிறவர் போகலாம், இருக்க விரும்புகிறவர் இருக்கலாம் என்பதை 1964இல் கேட்காததுபோல் இல்லாமல் இந்த முறை அவரவரிடமே கேட்க வேண்டும். கேளம்பாக்கத்துக் குடும்பத்துக்கும் பொருந்துகிற மாதிரி எழுதப்பட்டால்தான் இந்தக் கோரிக்கை மண்டபத்துக் குடும்பத்துக்கும் உறுதியாக நிற்கும். அடுத்த மனு எழுதும்போது, அடுத்த மேடையில் ஏறும்போது, 'நம்ம ரத்தம்' என்று தொடங்கும் வரியை அடித்துவிட்டு, 'இங்கே வாழ்கிறவர்' என்று தொடங்கிப் பார்ப்போம்.